எதைச் சுரண்டக் கூடாது

1950களில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஆலையிலிருந்து வெளிவந்த ஒரு ராலி சைக்கிளை இன்று பிரித்துப் போட்டால், ஒரே வண்டிக்குள் இரண்டு விதமான முதுமையைப் பார்க்கலாம். மட்கார்டின் ஓரம் அரித்து ஓட்டை விழுந்திருக்கும். ஹேண்டில்பாரின் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கும். கருப்பு பெயின்ட் அங்கங்கே உப்பி, நகத்தால் தட்டினால் செதிலாக உதிரும். ஆனால் பின்சக்கரத்தின் மூன்று கியர் ஹப்பைத் திறந்து, பிசினாக இறுகிய பழைய எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால், பல்சக்கரங்கள் ஆலையில் அறுத்த வடிவம் குலையாமல் இருப்பது அபூர்வமல்ல. வெளியே இருந்ததும் உள்ளே இருந்ததும் ஒரே வயது. நனைந்ததும் ஒரே மழையில்தான். வெளியே இருந்த இரும்பைக் காற்றும் நீரும் சேர்ந்து தொட்டன. உள்ளே இருந்ததைத் தொட எண்ணெய் விடவில்லை.

பழைய சைக்கிளைப் பழைய பொலிவுக்குக் கொண்டுவர நினைப்பவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இதைத்தான். உலோகம் உலோகத்தோடு உரசும் இடத்தில் நடப்பது தேய்மானம். உலோகம் காற்றோடு சேரும் இடத்தில் நடப்பது துரு. இரண்டுக்கும் காரணம் வேறு, வேகம் வேறு, மருந்தும் வேறு. நடைமுறையிலோ இரண்டையும் ஒரே கையால்தான் தொடுகிறார்கள்: கண்ணுக்குத் தெரியும் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து, முலாம் பூசி மினுக்குவது, கண்ணுக்குத் தெரியாத கோன், கப், பால்ரஸ் முதலியவற்றில் கொஞ்சம் கிரீஸை அப்பி மூடிவிடுவது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். உரசும் இடங்களில் தேய்ந்ததைத் தயங்காமல் மாற்றலாம். அவை மாற்றப்படுவதற்கென்றே செய்யப்பட்டவை. காற்றுபடும் இடங்களில் எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாக எடுக்க வேண்டும். அங்கே எடுத்ததைத் திரும்ப வைக்க எந்தக் கடையிலும் வழியில்லை.

துரு என்பது இரும்பின் மேல் படியும் அழுக்கு என்ற எண்ணம்தான் பாதிச் சேதத்துக்குக் காரணம். நடப்பது ஒரு சிறு மின்கலத்தின் வேலை. ஈரம் படிந்த இரும்புப் பரப்பில் ஓரிடத்தில் இரும்பணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. பக்கத்தில் வேறோரிடத்தில் நீரில் கரைந்த ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே அயனிகள் போய்வர ஒரு நீர்ப்படலம் வேண்டும். அதில் உப்பு கலந்திருந்தால் போக்குவரத்து சுலபம். கரைந்த இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து மாறும் பழுப்புப் பொருள், அழிந்த இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். பெயின்ட் உப்புவதும் அதனால்தான். சீட் பில்லர் குழாய்க்குள் இறுகிக்கொண்டு அசைய மறுப்பதும் அதனால்தான். அலுமினியத்தின் ஆக்சைடு படலமாக ஒட்டிக்கொண்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு நுண்துளைகள் நிறைந்தது. நீரையும் காற்றையும் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். துரு இப்படி உள்ளே விட்டுக்கொண்டே இருக்குமானால், அதை வேரோடு சுரண்டி எடுக்காமல் வைப்பது புற்றை வளரவிடுவதாகாதா? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் வேதியியல் அப்படிச் சொல்லவில்லை. துருவுக்கு உயிர் கிடையாது, தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளாது. இரும்பு, ஆக்சிஜன், நீர்ப்படலம் என்ற மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மின்கலம் நின்றுவிடும். 1930களில் வெர்னன் என்ற ஆங்கில வேதியியலர் இதைச் சோதனைச் சாலையில் அளந்து காட்டினார். கந்தகப் புகை கலந்த காற்றில்கூட, ஈரப்பதம் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாண்டாதவரை இரும்பு துருப்பிடிப்பது மிகச் சொற்பமாக இருந்தது. தாண்டியதும் சட்டென்று எகிறியது. அளவுகளையும் பார்த்துவிடலாம். பூச்சில்லாத சாதாரண எஃகு, மாசற்ற உள்நாட்டுக் காற்றில் ஆண்டுக்குச் சில மைக்ரான் தடிமன் இழக்கும்; உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் 50, 80 மைக்ரான், அதற்கு மேலும் இழக்கலாம். சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளின் குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். அதாவது ஆயிரம் மைக்ரான். மெழுகு தடவி வீட்டுக்குள் நிறுத்திய வண்டியின் ஃப்ரேம் துருவால் ஒடிய வேண்டுமென்றால் பல தலைமுறை காத்திருக்க வேண்டும். முரட்டு மணலை வீசிச் சுத்தம் செய்யும் பட்டறையிலோ சில நிமிடங்களில் பரப்பு முழுவதும் பல பத்து மைக்ரான் ஆழத்துக்குக் குழி விழும். ரெனால்ட்ஸ் 531 போன்ற பந்தயக் குழாய்கள் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவுக்கே மெலிந்தவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது ஆபத்து என்பதில் குழப்பம் இருக்காது.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் இந்தப் பதிலை அப்படியே ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. அங்கே 60 சதவீத ஈரப்பதம் என்பது வறண்ட நாள். போதாததற்கு உப்பு வேறு. சமையலுப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ஆனால் கடலுப்போடு வரும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். ஆகவே துருவின் துளைகளுக்குள் குளோரைடு தங்கியிருந்தால், மேலே எவ்வளவு மெழுகு பூசினாலும் அடியில் ஈரம் ஊறிக்கொண்டிருக்கும். இதற்கும் சுரண்டல் மருந்தல்ல. குழியின் அடியில் ஒளிந்த உப்பை உப்புத்தாள் எட்டாது. கழுவல்தான் மருந்து. உதிரும் துருவை மட்டும் நைலான் பிரஷால் தட்டிவிட்டு, உப்பில்லாத நீரில் பலமுறை ஊறவைத்து அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே மெழுகையோ ஆளிவிதை எண்ணெயையோ இழுத்துக்கொள்ள விட வேண்டும். கடலடியிலிருந்து மேலே கொண்டுவரும் இரும்புப் பீரங்கிகளை அருங்காட்சியகங்கள் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் காரநீரில் போட்டு வைப்பதும் இந்தக் குளோரைடை வெளியேற்றத்தான். குழாய்களின் உட்புறத்தையும் மறந்துவிடக் கூடாது. சீட் கிளாம்ப் வழியாக இறங்கிய மழைநீர் கிராங்க் உறைக்குள் தேங்கும். உள்ளே பெயின்ட் கிடையாது. ஒரு ஃப்ரேம் உண்மையாகவே இற்றுப்போகிறதென்றால் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். வெளிப்புறத்தை எத்தனை முறை மினுக்கினாலும் அந்த இடத்துக்கு ஒரு சொட்டு உதவியும் போய்ச் சேராது.

குரோம் முலாமின் கதை இன்னும் நுட்பமானது. அலங்காரக் குரோம் 1920களின் நடுப்பகுதியில்தான் வணிகத்துக்கு வந்தது. அதற்கு முந்திய சைக்கிள்களில் மின்னியது நிக்கல், சற்றே மஞ்சள் கலந்த மங்கலான வெள்ளை. 1910ஆம் ஆண்டு வண்டியில் நீலம் பாய்ந்த குரோம் பளபளத்தால் அது யாரோ பின்னால் செய்த கைங்கரியம். குரோம் வந்த பிறகும் பாதுகாப்பு வேலையைச் செய்வது அடியிலுள்ள நிக்கல் படலம்தான். அதன் மேல் குரோமியம் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில்தான் இருக்கும். நிக்கல், இரும்பைவிட வினைபுரியத் தயங்கும் உலோகம். ஆகவே முலாமில் ஓர் ஊசித்துளை விழுந்ததும், அகன்ற நிக்கல் பரப்பு முழுவதும் ஒரு பக்கமாகவும், துளைக்கடியிலுள்ள இத்துனூண்டு இரும்பு மறுபக்கமாகவும் சேர்ந்து மின்கலமாகிவிடும். கரையும் சுமை முழுவதும் அந்தப் புள்ளியின் தலையில் விழுவதால் துரு அகலமாகப் பரவாமல் ஆழமாக இறங்கும். துத்தநாக முலாமில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும்.

புள்ளி விழுந்த ஹேண்டில்பாரை மறுமுலாமுக்குக் கொடுத்தால், பட்டறைக்காரர் பழைய முலாமைக் கரைத்தெடுத்து, குழிகளின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள நல்ல இரும்பையும் பஃப் சக்கரத்தில் தேய்த்தாக வேண்டும். அப்போதுதான் பரப்பு சமமாகும். அந்தத் தேய்ப்பில் எழுத்துப் பொறிப்புகள் மழுங்கும், விளிம்புகள் உருளும். ஈரமாக்கிய அலுமினியத் தாளைக் கசக்கித் தேய்க்கும் எளிய முறையே பெரும்பாலான வண்டிகளுக்குப் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது, அதனால் முலாமைக் கீறாது. புள்ளிகளின் மேல் மொட்டாகத் துருத்திய துரு மட்டும் வழித்துக்கொண்டு வரும். கருப்பாகச் சிறு துளைகள் மிஞ்சும். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் அவை கண்ணுக்கே படாது.

அமிலங்களைப் பற்றிய பேச்சிலும் இதே அளவுகோல்தான்: எது துருவை வேகமாகத் தின்னும் என்பதைவிட எது மற்றவற்றை விட்டுவைக்கும் என்று கேட்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவையும் தின்னும், இரும்பையும் தின்னும், போகும்போது குளோரைடை விட்டுவிட்டும் போகும். மேலே சொன்ன காரணத்தால் அது ஒன்றே அதை ஒதுக்கப் போதும். ஆக்சாலிக் அமிலம் இரும்பு அயனியைக் கவ்விப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்கிறது. பழைய எனாமலையும் பொன்கோடுகளையும் பெரும்பாலும் தொடாது. அதனால் பெயின்டோடு கூடிய ஃப்ரேமுக்கு நீர்த்த ஆக்சாலிக் கரைசலை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நஞ்சு என்பதால் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். சலவை சோடா நீரில் பாட்டரி சார்ஜரை வைத்துச் செய்யும் மின்பகுப்பு, பூச்சில்லாத எஃகுப் பாகங்களுக்கு நல்லது. அலுமினியத்தை அந்தக் காரநீர் அரித்துவிடும், பெயின்டையும் கழற்றிவிடும். இன்னொரு எச்சரிக்கை ஸ்பிரிங், அச்சு போன்ற கடினப்படுத்திய எஃகுக்கு. அமிலத்திலும் மின்பகுப்பிலும் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகின் படிகங்களுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். மென்மையான ஃப்ரேம் குழாய்க்கு இதனால் பெரிய பாதிப்பில்லை. முறுக்கிய ஸ்பிரிங்கோ ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும்.

இனி உரசும் இடங்கள். இங்கே கருணைக்கு இடமில்லை. ஒரு கால் அங்குலப் பால்ரஸ் கோனைத் தொடும் பரப்பு குண்டூசித் தலையைவிடச் சிறியது. ஓட்டுபவரின் எடை அந்தச் சிறு புள்ளிகள் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. இரண்டு வளைந்த பரப்புகள் அழுந்தும்போது அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்பதை 1880களின் தொடக்கத்தில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் கணக்கிட்டுக் காட்டினார். மிகப் பெரிய வெட்டு விசை பரப்பின் மேல் அல்ல, சற்றுக் கீழே உருவாகிறது. அதனால் களைப்படைந்த கோனில் விரிசல் அடியிலிருந்து கிளம்பி, ஒரு துணுக்கு செதிலாகப் பெயர்ந்து வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஓடுபாதையில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். கோனின் கடினத்தன்மை மேல்தோலில் மட்டும் ஏற்றப்பட்டது, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பள்ளத்தை அரத்தால் ராவிச் சமமாக்கினால் அந்தத் தோல் போய் அடியிலுள்ள மெத்தென்ற எஃகு வெளிப்பட்டுவிடும். ஆகவே பள்ளம் விழுந்த கோனை மாற்றத்தான் வேண்டும். பால்ரஸ்களை நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தமாக மாற்றிவிடுவது உத்தமம். பழையதோடு புதியதைக் கலந்தால் மைக்ரான் அளவு பெரிய உருண்டைகளே சுமை முழுவதையும் தாங்கும்.

இதே பகுதியில் சுத்தியலின் ஆசைக்குப் பலியாகும் ஒரு சிறு பாகம் இருக்கிறது: கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய இந்த மென்மையான எஃகு ஆப்பு, ஐம்பது அறுபது ஆண்டுகள் துருவில் இறுகியிருக்கும். நட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து ஒரு போடு போட்டால், அந்த அடி ஆப்பைத் தாண்டி, அச்சு வழியாகப் போய், பால்ரஸ்களைக் கப்பின் ஓடுபாதையில் பதித்துவிடும். வரிசையாகப் பதிந்த அந்தக் குழிகளால் பெடல் சுற்றும்போது கடகடவென்ற நடுக்கம் என்றைக்கும் போகாது. இதைத் தவிர்க்க, கிராங்குக்கு அடியில், ஆப்பு வெளிவரும் துளையைச் சுற்றி, ஒரு கனத்த இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அடி அப்போது கிராங்க் வழியாகத் தரைக்குப் போய்விடும். அச்சுக்கு எதுவும் போகாது. நட்டை முழுவதும் கழற்றாமல், மரையின் நுனிக்குச் சமமாக விட்டு வைத்து அடித்தால் மரை பிதுங்காது. அதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்தால் பாதி வேலை தானாக முடியும். தீயைக் காட்டுவது கடைசி வழி. இறுகிய சீட் பில்லருக்கும் இதே விதிதான்: 27 மில்லிமீட்டர் குழாயை 150 டிகிரி சூடேற்றினால் அதன் விட்டம் 0.05 மில்லிமீட்டர்தான் விரியும். அந்த அற்ப லாபத்துக்காக அக்கம்பக்கத்துப் பெயின்ட் கருகிவிடும்.

மரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. மற்ற இங்கிலாந்துத் தயாரிப்பாளர்கள் கிராங்க் உறையில் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது ராலி 26 வெட்டியது. 24 மரைக் கப் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போவதுபோல் போக்குக் காட்டும். அதற்குமேல் பானாவைப் போட்டு முறுக்கினால் உறையின் மரை மொத்தமாகச் சிதையும். சங்கிலிப் பக்கத்துக் கப்பும் இடப்பக்கத்துப் பெடலும் எதிர்த்திசையில் கழல்பவை. சுழலும் அச்சு தன் வீட்டுக்குள் உருண்டு நகரும்போது மரையைத் தளர்த்திவிடாமலிருக்க அப்படி வெட்டினார்கள். இது தெரியாமல் பலத்தைக் காட்டியவர்கள் பலர். சங்கிலிப் பக்கத்துக் கப்பைப் பொறுத்தவரை, உள்ளே துணி விட்டுத் துடைத்துப் பார்த்து ஓடுபாதை வழவழப்பாக இருந்தால் கழற்றவே வேண்டாம். உரசும் இடத்தில் மாற்றுவதற்குத் தயங்கக் கூடாது என்ற விதிக்குத் தேய்மானம்தான் நிபந்தனை, வயதல்ல.

ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இதற்கு நல்ல சாட்சி. 1936 முதல் வந்த ஏ.டபிள்யூ. வகையில், அச்சோடு அசையாமல் நிற்கும் சூரியச் சக்கரத்துக்கு 20 பல், வெளிவளையத்துக்கு 60 பல். அந்த விகிதத்திலிருந்துதான் மேல்கியரில் மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுவதும் கீழ்கியரில் நான்கில் ஒரு பங்கு குறைவதும் வருகின்றன. நடுக்கியரில் பல்சக்கரங்களின் உதவியின்றி நேராக ஓடும். எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும் இந்தப் பற்கள் தேய்வது மிகக் குறைவு. பழைய எண்ணெயைக் கழுவிப் புதிதாக விட்டாலே பெரும்பாலான ஹப்புகள் எழுந்து நடக்கும். ஆனால் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் இடையே இதில் ஒரு பிடிமானமற்ற நிலை உண்டு. கேபிள் சரியாக இழுபடாவிட்டால், மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் காலுக்கடியிலிருந்து நழுவும். எண்ணி நாலு சுற்று முறுக்க வேண்டிய ஒரு சரிசெய்யும் திருகை விட்டுவிட்டு, மட்கார்டுக்கு மூன்று கோட் பெயின்ட் அடித்த வண்டியை ஓவராயில் செய்த வண்டி என்று சொல்ல முடியாது.

சங்கிலிக்கும் இதே கண்டிப்பு. இருபத்துநான்கு கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் ஊசிகள் தேய்ந்துவிட்டன, பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றிருக்கும். 1990களின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு சங்கிலியின் திறனை அளந்தபோது உச்சமாக 98.6 சதவீதம் கிடைத்தது. சுத்தமான ஆய்வகத்தில் எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் பெரிய மாற்றமில்லை. எண்ணெயின் முக்கிய வேலை மணலையும் நீரையும் அண்டவிடாமல் செய்வது என்று இதிலிருந்து கொள்ளலாம். இங்கிலாந்தின் சன்பீம் நிறுவனம் சங்கிலியை மூடிய எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடவிட்டதும் அதற்காகத்தான். டயருக்கு அலைய வேண்டியதில்லை. ராலி ரோட்ஸ்டரின் 28 × 1½ அளவும், தண்டு பிரேக்கின் கட்டைகளும், காட்டர் பின்னும் இன்றும் இந்தியாவில் உற்பத்தியில் இருக்கின்றன. 1949இல் மெட்ராஸை அடுத்த அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஆசன்சோலின் சென்-ராலி போன்ற ஆலைகள் இங்கிலாந்து ரோட்ஸ்டரின் அச்சை இங்கே கொண்டுவந்து ஊன்றியதன் பலன் அது. பிரிட்டனில் தாத்தாவின் வண்டியைத் தூசிதட்டுபவர் இந்தியாவில் செய்த டயரை மாட்டி ஓட்டுகிறார்.

பெயின்டை விட்டுவைக்கச் சொல்வதற்கு எதிராகப் பாதுகாப்பைக் காட்டுபவர்கள் உண்டு: பழைய ஃப்ரேமை வெறும் உலோகமாக்கிப் பார்த்தால்தானே விரிசல் தெரியும்? இது வலுவான வாதம், பாதி உண்மையும்கூட. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் ரயில் அச்சுகளைச் சோதித்த அகஸ்ட் வோலர், எஃகுக்கு ஓர் எல்லை இருப்பதைக் காட்டினார். அதற்குக் கீழான சுமையை எத்தனை லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் அது களைப்பில் உடைவதில்லை. எஃகு சைக்கிள்கள் முதுமையிலும் நம்பத்தக்கவையாக இருப்பதற்கு இந்த எல்லைதான் காரணம். ஆனால் துருக்குழி விழுந்த இடத்தில் விசை குவிவதால் அந்த எல்லை தாழ்ந்துவிடும். ஆகவே குழாய்கள் சேரும் லக்கின் ஓரத்திலும், ஃபோர்க்கின் தலைப்பகுதியிலும் சோதித்தே ஆக வேண்டும். அதற்கு ஃப்ரேம் முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. அடுப்பில் சுட்ட பழைய எனாமல் கண்ணாடி மாதிரி விறைப்பானது. அடியில் விரிசல் ஓடினால் தானும் விரிந்து, கோடாகத் துருவைக் கசியவிட்டுக் காட்டிக்கொடுக்கும். புதிதாக அடிக்கும் பவுடர் கோட்டிங் தடிமனாகவும் நெகிழ்வாகவும் இருப்பதால் விரிசலின் மேல் பாலம் போட்டுவிடும். குழியைப் புட்டி வைத்து நிரவி அதன் மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ சொல்லவே வேண்டாம். புதுசாக மின்னும் ஃப்ரேம்தான் சோதிப்பதற்குக் கடினமானது.

இலட்சக்கணக்கில் அச்சடித்ததுபோல் செய்துதள்ளிய வண்டிக்கு அருங்காட்சியக மரியாதை எதற்கு என்ற கேலிக்கும் பதில் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களைப் பற்றி இதே சண்டை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நடந்தது. பிரான்சின் வியோலே-லெ-துக், ஒரு கட்டடத்தை அது எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமைக்குக்கூடக் கொண்டுபோகலாம் என்றார். இங்கிலாந்தின் ரஸ்கின், அப்படிப் புதுப்பிப்பதும் இடிப்பதும் ஒன்றுதான் என்று சீறினார். சைக்கிளைப் பொறுத்தவரை இருவரில் ஒருவர் பக்கம் முழுவதும் சாய வேண்டியதில்லை. ஓட்டுவதற்காகச் செய்த பொருள் ஓட வேண்டும்; அந்த அளவில் ரஸ்கினின் கண்டிப்பு இங்கே பொருந்தாது. ஆனால் ஆலையை விட்டு வந்தபோது ஒரே மாதிரி இருந்த வண்டிகள், பெரும்பாலானவை உருக்கப்பட்டும் மறுபெயின்ட் அடிக்கப்பட்டும் போன பிறகு, மிஞ்சியவை எப்படி ஒரே மாதிரி இருக்க முடியும்? பொன்கோட்டைக் கையால் இழுத்தவரின் தூரிகை எங்கே தடுமாறியது, கருப்புக்கு அடியில் பாஸ்பேட் பூச்சு இருந்ததா, விற்ற கடையின் ஒட்டுப்படம் எந்த ஊரைச் சொல்கிறது என்பதெல்லாம் அந்தச் சில மைக்ரான் பூச்சில்தான் இருக்கின்றன. ஹப்பின் மேல் அழுத்திய எண் ஹப் செய்த ஆண்டைச் சொல்லும், ஃப்ரேமின் ஆண்டைச் சொல்லாது; சக்கரங்கள் கைமாறக்கூடியவை. ஃப்ரேம் எண்ணும் பெயின்டும் சேர்ந்தால்தான் வண்டியின் வயதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இவ்வளவு சொன்ன பிறகும், முழுதாக உரித்து அடிக்க வேண்டிய வண்டிகள் உண்டு. மூன்றில் இரண்டு பங்கு பெயின்ட் போய் வெறும் துருவே மிஞ்சியது, யாரோ வீட்டு எனாமலைத் தடிப்பாகப் பூசி முந்தைய அடுக்கைப் பாழாக்கியது, குழாய் மாற்றிப் பிரேசிங் செய்ய வேண்டியது முதலியன. அப்போதும் செய்முறைதான் முக்கியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நீர்விட்டே தேய்க்க வேண்டும். உரிப்பதற்கு முன் கோடுகளின் அகலத்தையும் இடத்தையும் அளந்து படமெடுத்துக்கொள்ள வேண்டும். புட்டியை லக்கின் அருகே அண்டவிடக் கூடாது. முன்புறப் பித்தளைச் சின்னத்துக்கு அடியிலோ பம்ப் மாட்டும் இடத்துக்குப் பின்னாலோ, வெயில் படாததால் நிறம் மாறாத பழைய பெயின்ட் ஓரிரு அங்குலமாவது மிஞ்சியிருக்கும். அந்த இடத்தை மெழுகு தடவாமல் துடைத்து, டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்றதை அடிக்கச் சொல்லலாம். பவுடர் கோட்டிங்குக்குப் போகும் ஃப்ரேம் என்றால் அந்த டேப் 200 டிகிரி அடுப்பைத் தாங்கும் வகையா என்று பட்டறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.